மூன்றாம் மாடிக் கூரை, நான்காம் மாடித் தரை

மொண்டேவீடியோ, மே 4, 2005

குடியிருப்போர் குழுத் தலைவி திருமதி சுல்மா அவர்களுக்கு,

அக்கா என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. அதை அதட்டி நிறுத்திவிட்டு எழுதுகிறேன். காலையிலிருந்து நீங்கள் மணி அடித்தது கேட்டது. உள்ளேதான் இருந்தேன். தொலைபேசியையும் பிடுங்கி வைத்துவிட்டேன். இனி எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி, வாசல்காரர் வாஷிங்டனிடம் கொடுங்கள். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே தபால் வேலை பார்க்க அவர் ஒப்புக்கொண்டார். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கும் உங்களால்தான் ஆளானேன்.

நடந்ததை எழுத்தில் வைக்கிறேன். நாளைக்கு நீங்கள் மாற்றிச் சொல்லக்கூடாது அல்லவா? போன வாரம் குடியிருப்போர் கூட்டம் நடந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் ஹெபெர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தீர்கள். "உன்னால கூட்டத்துக்கு வர முடியாதே, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு, உன் ஓட்டையும் நானே போட்டுடறேன்" என்றீர்கள். போட்டேன். சொந்த அக்கா நீட்டுகிற தாளைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவார்கள்? "பாய்லரை மாத்த வேணாம்னு போடுக்கா" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போனீர்கள். மறுநாள் ஐந்தாம் மாடி பிட்டலூகா லிஃப்டில் என்னைப் பார்த்து, "வாழ்த்துகள் மிர்த்தாம்மா! ஒரே ஓட்டுல புது பாய்லர் ஜெயிச்சுது. அந்த ஒண்ணு உங்களுதுதான்" என்றார்.

பழைய பாய்லர் எண்ணெய் குடிக்கிற பூதம்தான், தெரியும். ஆனால் அது எல்லார் வீட்டுத் தரைக்குள்ளும் ஒரே சுடுதண்ணீரை ஓடவிட்டது. செலவை வீட்டின் அளவுப்படி பங்கு போட்டுக்கொண்டோம். இனி வீட்டுக்கு வீடு வால்வு, வீட்டுக்கு வீடு மீட்டர், எரித்தவர் கட்டட்டும் என்கிறீர்கள். காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவர்களுக்கு அது நியாயம். நாள் முழுக்க வீட்டிலேயே கிடக்கிற ஹெபெருக்கு? இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் முப்பது வருஷம் மாட்டுத் தொடை தூக்கிய மனுஷன். அந்தக் குளிர் இன்னும் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை, வீட்டைச் சூடாக வையுங்கள் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். நோயாளிக்கு அபராதம் போடுகிற மீட்டருக்கு அவர் பெண்டாட்டியின் கையெழுத்தையே வாங்கிப் போட்டீர்கள்.

நம்பிக் கெட்டவள்,
மிர்த்தா

---

மே 6

மிர்த்தா,

என்னைப் போய் 'நீங்கள்' என்கிறாய். உனக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். நீ ஆயிரம் 'நீங்கள்' போட்டாலும் எனக்கு உறைக்காது.

ஆமாம், மாற்றித்தான் போட்டேன். மறைக்க மாட்டேன். அன்றைக்கு உனக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். உன் முகம் இருந்த நிலையில் நீ கேட்டிருப்பாயா? அந்த பாய்லரின் வயிற்றில் விரிசல் விழுந்துவிட்டது. எரிக்கிற எண்ணெயில் பாதிச் சூடு புகைபோக்கி வழியாகப் போய்க் கடற்கரையைக் குளிர் காய வைத்துக்கொண்டிருந்தது. ஜூலை மாதக் குளிரில் முதல் மாடிக்காரர்கள் வெக்கை தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். அதே நேரம் ஆறாம் மாடியில் கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். பம்பேரோ காற்று தெற்கேயிருந்து அடிக்கிற ஒரு வாரத்தில் அது நின்றுபோனால் உன் ஹெபெரை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்தவள் நான். எல்லாரும் சம்மதிக்கட்டும் என்று காத்திருந்த பள்ளிக்கூடங்களின் கூரை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மீட்டரில் ஹெபெருக்காக எவ்வளவு கூடுதலாக வந்தாலும் அதை என் ஓய்வூதியத்திலிருந்து நான் கட்டுகிறேன். குளிர்காலம் முழுக்க. ஒவ்வொரு குளிர்காலமும். இதற்கு மேல் ஒரு அக்கா என்ன செய்ய வேண்டும்?

கதவைத் திற.
சுல்மா

---

ஜூன் 13

தலைவி அவர்களுக்கு,

நேற்று அடித்தளத்தில் புது பாய்லரைப் பற்றவைத்ததற்கு சைடர் பாட்டில் உடைத்துக் கொண்டாடியது லிஃப்ட் துளை வழியாக என் சமையலறை வரை கேட்டது. உங்கள் சொற்பொழிவும் கேட்டது. "இனி ஒரு சொட்டுக்கூட வீணாகாது" என்றீர்கள். கைதட்டினார்கள்.

நானும் வீணாக்கப் போவதில்லை. படிக்கட்டுப் பக்கப் பெட்டியில் இருக்கிற எங்கள் வீட்டு வால்வை இறுக்கி மூடிவிட்டேன். என் தரைக்குள் உன் பாய்லரின் தண்ணீர் ஓடாது. பார், கோபத்தில் 'உன்' என்று வந்துவிட்டது. போகட்டும்.

ஏன் குளிர்கிறது என்று ஹெபெர் கேட்டார். புது மீட்டருக்குக் கட்ட நம்மால் முடியாது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு இன்னொரு கம்பளிச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நீ கட்டுகிறேன் என்று எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாங்கிக்கொள் என்பார். அவருக்கு மானம் கொஞ்சம் கம்மி. என் ஓட்டையும் எடுத்துக்கொண்டு என் தலையையும் தடவியவளின் காசில் என் வீடு சூடாக வேண்டாம்.

மிர்த்தா

---

ஜூன் 19

அடி மிர்த்தா,

வாஷிங்டனுக்குத் தெரியாமல் படியேறி வந்து உன் மீட்டரைப் பார்த்தேன். முள் செத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். என் கூரைதானே உன் தரை? நாற்காலி மேல் ஏறிக் கையை வைத்தால் கல்லறைக் கல்லைத் தொட்ட மாதிரி இருக்கிறது. மேலே ஹெபெர் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர் இருமல் நின்றால் உன் தையல் மெஷின் ஓடுகிறது. கல்யாண உடுப்புத் தைக்கிறாயாமே. விரல் விறைக்கவில்லையா?

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை உனக்குத் தெரியும். நீ அறுப்பது உன் மூக்கைக்கூட இல்லை, ஹெபெருடைய மூக்கை. என் மேல் கோபமென்றால் என்னைத் திட்டு, தெருவில் நின்று திட்டு. வால்வைத் திறந்துவிட்டுத் திட்டு.

சுல்மா

---

ஜூலை 7

அக்காவுக்கு (பழக்கதோஷம், வேறொன்றுமில்லை),

ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தெரிந்துகொண்டேன். இரண்டு வாரமாக என் படுக்கையறைத் தரை வெதுவெதுப்பாக இருந்தது. ஹெபெர் கட்டிலை விட்டு இறங்கி, ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு தரையிலேயே படுத்துக் கால்பந்து கேட்கத் தொடங்கினார். "இந்தத் தரை நல்ல தரை மிர்த்தா, வந்து நீயும் கொஞ்சம் படு" என்றார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். எனக்குத்தான் திக்கென்றது. மூடின வால்வு கசிகிறதோ, நாளைக்கு யாராவது 'மிர்த்தா திருட்டுச் சூட்டில் குளிர் காய்கிறாள்' என்று சொல்லிவிட்டால்? நானே பாய்லர் கம்பெனிக்குச் சொல்லி மெக்கானிக்கை வரவழைத்தேன்.

அவன் வால்வைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், முட்டி போட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தான். "உங்க குழாய் கல்லு மாதிரி மூடித்தாம்மா இருக்கு. சூடு கீழேருந்து ஏறுது. மூணாம் மாடியில யாரு? ரொட்டிக்கடை வெச்சிருக்காங்களா?" என்று கேட்டான்.

என் வீட்டுத் தரையில், என் புருஷன், உன் தயவில் படுத்திருக்கிறார். கதவைப் பூட்டினால் கூரை வழியாக வருகிறாய். உன் வால்வைக் குறை. இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பேன்.

மிர்த்தா

---

ஜூலை 9

மிர்த்தா,

என் வீட்டில் எவ்வளவு சூடு வைப்பதென்பது என் இஷ்டம். எனக்கு மூட்டுவலி.

சரி, மூட்டுவலி இல்லை. உள்பாவாடையோடு உட்கார்ந்து, ஜன்னலை ஒருக்களித்துத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வியர்க்கிறது. குழுத் தலைவி ஜூலையில் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதைத் தெருவிலிருந்து யாராவது பார்த்தால் என் மானம் போய்விடும். போனால் போகட்டும்.

அவர் படுத்துக்கொள்ளட்டும். நீ கண்டும் காணாமல் இரு. கூட்டத்தில் மட்டும் பேசாதே. கெஞ்சிக் கேட்கிறேன், எனக்குக் கெஞ்சத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

சுல்மா

---

ஜூலை 25

மிர்த்தா,

என் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் கூட்டத்துக்கு வந்தாய். நம் வழக்கப்படி எல்லாரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் கூடத்துக்கு வந்தபோது, நீயும் அப்பாவின் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். அசடு நான், மனம் மாறிவிட்டாய் என்று நினைத்தேன். மாத்தே தேநீர்க் குவளை சுற்றி வந்து என் கையிலிருந்து உன் கைக்கு வந்தது. நீ குடித்தாய். ஒரே குழலில் குடித்துவிட்டு எழுந்து நின்றாய்.

கட்டடம் முழுக்க எரிபொருள் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று நான் வாசித்து முடிக்கவில்லை. "வீட்டு வாரியா வாசிங்க தலைவி. மூணாம் மாடி எவ்வளவு?" என்றாய். வாசித்தேன். எல்லாரையும்விட அதிகம், பக்கத்தில் வர ஆளில்லை. பிட்டலூகா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "நான் அன்னிக்கே சொன்னேன்! நம்ம சேமிப்பு ராணி ஜன்னலைத் திறந்து போட்டுத் தெருவுக்கே அடுப்பு மூட்டறாங்கன்னு!" ஆறாம் மாடிப் பெண், "ஊருக்குத்தான் உபதேசம்" என்றாள். யார் சிரிக்கவில்லை தெரியுமா? நீ. நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

காரணத்தை நான் சொல்லியிருக்கலாம். 'மேலே ஒருத்தி நோயாளிப் புருஷனைக் குளிரில் போட்டிருக்கிறாள், அவருக்காகத்தான் எரித்தேன்' என்று ஒரு வார்த்தை. அந்த நாற்காலிகளுக்கு நடுவே உன் குடும்பம் உருள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பதவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இன்று காலை என் வால்வைத் திருகிக் குறைத்துவிட்டேன், நீ கேட்டபடியே. கோபத்தில்தான் குறைத்தேன். இனி உன் தரை, உன் பாடு.

சுல்மா

---

ஆகஸ்ட் 2

என் புருஷனை மேலே அனுப்பு.

சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். தலையணை இல்லை, ரேடியோ இல்லை, அவருடைய மாத்தே குவளையும் இல்லை. வாஷிங்டனைக் கேட்டேன். "லிஃப்டுல மூணாம் மாடிக்குப் போனாரும்மா. ஒரு மாடிக்கு எதுக்கு லிஃப்டுன்னு கேட்டேன். தலையணையைத் தூக்கிக்கிட்டுப் படி இறங்க வெட்கமா இருக்குன்னாரு" என்றார். நாளைக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிடும்.

தரை சில்லிட்டதிலிருந்து ஒரு வாரமாக இரவும் பகலும் இருமினார். ராத்திரி நெஞ்சில் தைலம் தேய்த்தேன். சொல்லாமலே போய்விட்டார். ஓட்டை எடுத்தாய், அதைத் தாங்கினேன். இதை எடுக்க விடமாட்டேன்.

மிர்த்தா

---

ஆகஸ்ட் 3

மிர்த்தா,

நான் கூப்பிடவில்லை. கதவைத் திறந்தால் தலையணையோடு நிற்கிறார், உதடு நீலம் பூத்திருக்கிறது. "மதினி, உங்க கூரை ஏன் ஆறிப்போச்சு?" என்று கேட்டார். உள்ளே உட்கார வைத்து, வால்வைத் திறந்துவிட்டு, கெண்டியில் தண்ணீர் வைத்தேன். சூடு கீழேயிருந்துதான் வருகிறது என்று அவருக்கு முதல் நாளே தெரியுமாம். முப்பது வருஷம் குளிரில் நின்றவருக்குச் சூடு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையாம். உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியாதது போல இருந்திருக்கிறார்.

"எங்களால கட்ட முடியல மதினி, மிர்த்தா பாவம், விடிய விடியத் தைக்கிறா" என்றார்.

அப்போது நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். கூட்டத்தில் மூடிக்கொண்ட வாயை இங்கேயும் மூடியிருக்கலாம். பிட்டலூகா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. சொல்லிவிட்டேன். மே மாதமே நான் கட்டுகிறேன் என்று எழுதினேன், அவள்தான் வேண்டாம் என்றாள், காசுக்காக மூடவில்லை, என் மேலுள்ள கோபத்துக்காக மூடினாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

அவர் குவளையைக் கீழே வைத்தார். "முப்பது வருஷம் குளிர்ல நின்னேன், அதுக்குக் கூலி குடுத்தாங்க. இந்த ரெண்டு மாசம் எதுக்கு நின்னேன் மதினி?" என்றார்.

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். என்னைப் பார்த்து, "அவ ஓட்டை மாத்திப் போட்டது நீங்கதானே?" என்றார். அதற்குப் பிறகு என்னோடும் பேசவில்லை. கடலைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார். நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுகிறார், தட்டைத் தானே கழுவி வைக்கிறார். வேற்று வீட்டில் தங்கியவர் மாதிரி.

நீ வந்து கூப்பிடு. கடிதம் எழுதாதே.

சுல்மா

---

ஆகஸ்ட் 8

அக்கா,

வர முடியவில்லை. படி வரைக்கும் வந்தேன். உன் கதவைத் தட்டினால் நீ திறப்பாய், உன் தோளுக்குப் பின்னால் அவர் முகம் தெரியும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரு நாள்கூட அவர் என்னைக் கணக்குக் கேட்டவரில்லை. சம்பள உறையைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்த மனுஷன். கட்ட முடியாது என்று நான் சொன்னதும், பாவம் மிர்த்தா என்று நினைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நீ எழுதியதைப் படித்தபோது என்னை நானே அறைந்துகொண்டேன். இதை உன்னிடம் எழுத வேண்டியிருப்பதே எனக்குப் பெரிய தண்டனை.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. நீ செய்தது துரோகம்தான், சாகும்வரை அப்படித்தான் சொல்வேன். ஆனால் உன்னை அடிக்க எடுத்த கட்டையால் அவரை அடித்தவள் நான்.

வால்வைத் திறந்துவிட்டேன். முழுக்கத் திறந்துவிட்டேன். முதல் நாள் தரை சூடேறவே இல்லை, பயந்துபோனேன், நேற்று மாலைக்குள் வீடு முழுக்கச் சூடு பிடித்துவிட்டது. படுக்கையறை, சமையலறை, கூடம், எல்லா இடமும். நான் கூப்பிட்டேன் என்று சொல்லாதே, நான் அழுதேன் என்றும் சொல்லாதே. தரை சூடாக இருக்கிறது என்று மட்டும் சொல்.

மிர்த்தா

---

ஆகஸ்ட் 11, காலை

மிர்த்தா,

அன்றைக்கே சொன்னேன். கூரையை அண்ணாந்து பார்த்தார். "தெரியுது மதினி" என்றார். அவ்வளவுதான்.

நேற்று சால்ட்டோவிலிருந்து அவருடைய தம்பி நெல்சன் பேசினார். அங்கே வரட்டுமா என்று ஹெபெர்தான் முதலில் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. வடக்கே குளிர் குறைவு, வெந்நீர் ஊற்றும் பக்கத்தில் இருக்கிறது, நெஞ்சுக்கு நல்லது என்று என்னிடம் காரணம் சொன்னார். குளிர்காலம் முடியும்வரையா என்று கேட்டேன். என்னிடம் ஒரு பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி, ரேடியோவை உள்ளே வைத்தார். இன்று மதியமே பேருந்து. டாக்ஸிக்குச் சொல்லிவிட்டார். மிர்த்தா ஒரே ஒரு தரம் வந்து பேசட்டுமே என்று கெஞ்சினேன். "அவளுக்கு உங்க கூட சண்டை, உங்களுக்கு அவ கூட சண்டை. ரெண்டு பேருக்கும் நடுவுல தரையா கிடந்தது போதும்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நான் மேலே வந்து மணி அடித்தால் நீ திறக்க மாட்டாய் என்று வாஷிங்டனிடமே கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்ததும் நைட்டியோடு இருந்தாலும் சரி, இறங்கி ஓடி வா. நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன், என் முகத்தில்கூட நீ விழிக்க வேண்டாம். ஒரு மாடிதானடி.

சுல்மா

---

ஆகஸ்ட் 11, மாலை

அக்கா,

உன் கடிதம் டாக்ஸி போன பிறகுதான் என் கைக்கு வந்தது. அவருடைய பெட்டியை இறக்கச் சொன்னார்களாம். "ரெண்டு கைலயும் சாமான்மா, முதல்ல அதை வண்டியில ஏத்திட்டு வந்துடலாம்னு பார்த்தேன்" என்றார் வாஷிங்டன். சட்டைப் பையில் இருந்ததால் கடிதம் கசங்கியிருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரைத் தபால்காரராக்கியது நான்.

நீ மணி அடித்திருந்தால் திறந்திருப்பேன் அக்கா. மூன்று நாளாக அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறேன். தைக்கவில்லை. வீடு கொதித்துக் கிடக்கிறது.

காலையில் பருப்பும் பூசணிக்காயும் போட்டு அவருக்குப் பிடித்த குழம்பு வைத்தேன். சால்ட்டோ, பேருந்து, டாக்ஸி, எதுவும் எனக்குத் தெரியாது. உன் மாடியில் லிஃப்ட் நின்ற சத்தம் கேட்டது. கம்பிக் கதவு இழுபட்டது. அவர் இருமினார், அந்த இருமல் எனக்குத் தெரியாதா? வருகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து மணி அடிக்கிற சங்கடம் வேண்டாமென்று என் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். லிஃப்ட் கீழே போயிற்று.

மிர்த்தா